வாரம் ஒரு பேட்டரி புரட்சி, ஆனால் போன் மட்டும் ஏன் மாலைக்குள் அணைந்துவிடுகிறது?

கேள்வி இதுதான்: "பத்து மடங்கு கொள்ளளவு, ஐந்து நிமிடத்தில் முழு சார்ஜ், இருபது வருட ஆயுள் என்று பேட்டரி பற்றி வாரம் ஒரு செய்தி வருகிறது. என் போன் வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது, மதியமே சார்ஜர் தேட வேண்டியிருக்கிறது. அந்தச் செய்திகள் எல்லாம் பொய்யா? இல்லை, அந்தப் புதிய பேட்டரி வரும்வரை புது போன் வாங்காமல் காத்திருக்கலாமா?"

பெரும்பாலும் பொய் இல்லை. ஆய்வகத்தில் அளந்ததைத்தான் சொல்கிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பேட்டரி உங்கள் கைக்கு வர வேண்டுமென்றால் ஏழெட்டுப் பாடங்களில் ஒரே நேரத்தில் தேற வேண்டும். எவ்வளவு மின்னாற்றல் பிடிக்கிறது, எத்தனை முறை சார்ஜ் தாங்குகிறது, எவ்வளவு வேகமாக ஏறுகிறது, வெப்பத்திலும் குளிரிலும் எப்படி நடந்துகொள்கிறது, தீப்பிடிக்குமா, செய்ய எவ்வளவு செலவாகும், கோடிக்கணக்கில் ஒரே தரத்தில் செய்ய முடியுமா. செய்தித் தலைப்பில் வருவது இதில் ஒரே ஒரு பாடத்தின் மதிப்பெண். அதில் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கலாம். மற்ற பாடங்களில் என்ன வாங்கியது என்பது தலைப்பில் இருக்காது, செய்தியின் உள்ளேயும் இருக்காது. ஆய்வுக்கட்டுரையைத் திறந்து, வரைபடங்களின் அச்சுகளை உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

பேட்டரி செல்களைச் சோதிக்கும் வேலையில் சில வருடங்கள் இருந்ததால் இது எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் போனுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். லித்தியம் அயனி பேட்டரியில் பிளஸ் பக்கம் ஒரு உலோக ஆக்சைடு இருக்கிறது, பெரும்பாலான போன்களில் அது லித்தியம் கோபால்ட் ஆக்சைடு. மைனஸ் பக்கம் கிராஃபைட், பென்சிலுக்குள் இருக்கும் அதே கரி. இரண்டுமே அடுக்கடுக்கான அலமாரிகள் மாதிரி. சார்ஜ் போடும்போது லித்தியம் அயனிகள் பிளஸ் அலமாரியை விட்டுக் கிளம்பி, நடுவில் இருக்கும் எலெக்ட்ரோலைட் திரவத்தைக் கடந்து, கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு நடுவே போய் உட்காருகின்றன. போனைப் பயன்படுத்தும்போது அவை வந்த வழியே திரும்புகின்றன, எலெக்ட்ரான்கள் வெளிச்சுற்று வழியாக வந்து போனை இயக்குகின்றன. ஆறு கார்பன் அணுவுக்கு ஒரு லித்தியம் என்பதுதான் கிராஃபைட் அலமாரியின் இடவசதி. அதற்கு மேல் திணிக்க முடியாது.

இந்த அமைப்பு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1970களில் எக்ஸான் நிறுவனத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி விட்டிங்ஹாம், டைட்டானியம் டைசல்ஃபைடின் அடுக்குகளுக்குள் லித்தியத்தை ஏற்றி இறக்க முடியும் என்று காட்டினார். மைனஸ் பக்கம் அவர் வைத்தது வெறும் லித்தியம் உலோகம். அது தீப்பிடித்துக்கொண்டே இருந்தது. அவருடைய ஆய்வகத்துக்குத் தீயணைப்புப் படை பலமுறை வர வேண்டியிருந்தது. 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்எனஃப் குழு கோபால்ட் ஆக்சைடைக் கொண்டுவந்து மின்னழுத்தத்தை 4 வோல்ட்டுக்கு உயர்த்தியது. 1985-இல் ஜப்பானில் அகிரா யோஷினோ மைனஸ் பக்கத்து லித்தியம் உலோகத்தைத் தூக்கிவிட்டு, பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் ஒருவகைக் கரியை வைத்தார். அந்த பேட்டரியின் மேல் பெரிய இரும்புக் கட்டியைப் போட்டுப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. லித்தியம் உலோகம் வைத்த பேட்டரியின் மேல் அதையே போட்டபோது வெடித்தது. 1991-இல் சோனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது குட்எனஃபுக்கு வயது 97. யோசனையிலிருந்து கடைக்கு வர இருபது வருடம், அங்கிருந்து நோபலுக்கு இன்னும் 28 வருடம். பேட்டரித் துறையின் கடிகாரம் இந்த வேகத்தில்தான் ஓடுகிறது.

நம் எதிர்பார்ப்பைக் கெடுத்தது கணினிச் சிப்புகள்தான் என்று நினைக்கிறேன். 1965-இல், பின்னாளில் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் மூர் ஒரு கணிப்பைச் சொன்னார், அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்குச் சிப்பில் டிரான்சிஸ்டர் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை இரட்டித்தது. நாம் அந்த வேகத்துக்குப் பழகிவிட்டோம். ஆனால் டிரான்சிஸ்டர் என்பது ஒரு சுவிட்ச். ஆம், இல்லை என்ற தகவலைச் சொல்ல அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சுருக்கச் சுருக்க வேகமும் கூடியது, மின்செலவும் குறைந்தது. பேட்டரியில் சேமிப்பது தகவல் இல்லை, ஆற்றல். ஒரு லித்தியம் அணு ஒரு எலெக்ட்ரானைத்தான் தரும். அந்த அணுவைச் சுருக்க முடியாது. 1991-இல் சோனி விற்ற செல் கிலோவுக்கு ஏறக்குறைய 80 வாட்-மணி ஆற்றல் பிடித்தது. இன்று நல்ல செல்கள் 250 முதல் 300 வரை பிடிக்கின்றன. முப்பது வருடத்தில் மூன்றரை மடங்கு. சிப்போடு வைத்துப் பார்த்தால் ஆமை வேகம். வேதியியலின் கணக்கில் இது பெரிய சாதனை. ஒப்பிட வேண்டுமானால் 1859-இல் காஸ்டன் பிளான்டே கண்டுபிடித்த ஈய-அமில பேட்டரியைப் பாருங்கள், ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் கிலோவுக்கு 30, 40 வாட்-மணியில்தான் நிற்கிறது. அதோடு லித்தியம் அயனி செல்லின் விலை 1991-இலிருந்து ஏறக்குறைய 97 சதவீதம் இறங்கியிருக்கிறது. இதை நான் உண்மையான புரட்சி என்பேன். ஒரே நாளில் நடக்காததால் எந்தத் தலைப்பிலும் அது வரவில்லை.

சரி, இப்போது ஒரு சின்னக் கணக்கு. புதிய செல் ஒன்றில் ஒவ்வொரு சார்ஜ் சுழற்சியிலும், அதாவது ஒருமுறை முழுதாக ஏறி இறங்கும்போது, 99 சதவீத லித்தியம் பத்திரமாகத் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் அந்த ஒரு சதவீத இழப்பு வட்டிக்கு வட்டி போல ஏறும். 0.99-ஐ நூறு முறை பெருக்கினால் 0.37 வரும். நூறே சார்ஜில், அதாவது மூன்று மாதத்துக்கும் கொஞ்சம் மேல், பேட்டரியில் 37 சதவீதம்தான் மிஞ்சும். 99.9 சதவீதம் என்றால்? ஐந்நூறு சார்ஜுக்குப் பிறகு 61 சதவீதம். அதுவும் போதாது. ஐந்நூறு சார்ஜுக்குப் பிறகு 80 சதவீதம் வேண்டுமென்றால் ஒவ்வொரு சுழற்சியிலும் 99.955 சதவீதம் திரும்ப வர வேண்டும். ஆயிரம் சார்ஜ் தாங்க வேண்டுமென்றால் 99.978. சிறந்த பேட்டரிக்கும் குப்பைக்கும் உள்ள வித்தியாசம் தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டாம், மூன்றாம் இடத்தில் இருக்கிறது. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் என்ற விஞ்ஞானி இதை மிக நுட்பமாக அளக்கும் கருவிகளை உருவாக்கினார். ஒரு செல்லைப் பல வருடம் ஓட்டிப் பார்க்காமல் சில வாரங்களிலேயே அதன் ஆயுளை ஊகிக்க அந்த அளவீடு உதவுகிறது.

அந்தத் துளி இழப்பு எங்கே போகிறது? முதல் முறை சார்ஜ் ஏறும்போதே கிராஃபைட்டின் மேல் எலெக்ட்ரோலைட் சிதைந்து ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. தொழிற்சாலையிலேயே மெதுவாகச் சார்ஜ் ஏற்றி அந்தப் படலத்தை ஒழுங்காக வளர்த்தெடுத்த பிறகுதான் செல்லை அனுப்புவார்கள். இந்தப் படலம் இல்லாவிட்டால் பேட்டரியே இல்லை, மேற்கொண்டு சிதைவதை அதுதான் தடுக்கிறது. ஆனால் அது உருவாகவும் லித்தியம் வேண்டும். ஒவ்வொரு சுழற்சியிலும் கிராஃபைட் லேசாக உப்பிச் சுருங்கும்போது படலத்தில் விரிசல் விழுகிறது, விரிசலை மூடப் புதுப் படலம் வளர்கிறது, அதில் இன்னும் கொஞ்சம் லித்தியம் சிக்கிக்கொள்கிறது. உங்கள் போன் இரண்டு வருடத்தில் தளர்ந்துபோவதற்கு இதுதான் பெரிய காரணம். லித்தியம் எங்கேயும் தொலையவில்லை, உள்ளேயேதான் இருக்கிறது. வேலைக்கு வர முடியாமல் படலத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஆய்வகச் செய்திகளில் இந்த இழப்பு தெரியாமல் போவதற்கு ஒரு வழி இருக்கிறது. யாரும் ஏமாற்றுவதில்லை, சோதிக்கும் முறையே அப்படி. புதிய பொருளைச் சோதிக்கும்போது கைக்கடிகாரத்தில் போடும் வட்ட பேட்டரி அளவில் சின்ன செல் செய்வார்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு லித்தியம் தகடு, தேவைக்குப் பல மடங்கு அதிகமாக. எலெக்ட்ரோலைட்டும் தாராளமாக ஊற்றியிருப்பார்கள். ஒவ்வொரு சுழற்சியிலும் இழக்கும் லித்தியத்தை அந்தத் தகடு ஈடுகட்டிக்கொண்டே இருக்கும், வரைபடம் நேர்கோடாக நிற்கும். புதிய பொருளின் அடிப்படைக் குணத்தைத் தெரிந்துகொள்ள இது சரியான முறைதான். ஆனால் உங்கள் போனில் அந்த உபரி லித்தியம் கிடையாது, எலெக்ட்ரோலைட்டும் நனையும் அளவுக்குத்தான் இருக்கும். ஒரு கிராம் உபரி என்றாலும் அது எடை, இடம், செலவு.

இதற்கெல்லாம் சேர்த்து ஒரு நல்ல எடுத்துக்காட்டு சிலிக்கான் கதை. கிராஃபைட்டில் ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம் என்றேன். சிலிக்கானில் ஒரே அணுவுக்கு நான்கு லித்தியம் வரை சேரும். எடைக் கணக்கில் கிராஃபைட் ஒரு கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர்-மணி, சிலிக்கான் கிட்டத்தட்ட பத்து மடங்கு. ஆனால் அவ்வளவு லித்தியத்தை விழுங்கினால் சிலிக்கான் மூன்று நான்கு மடங்காக உப்பும். பிறகு சுருங்கும். சில சுழற்சிகளிலேயே தூள் தூளாகிவிடும், மேலே சொன்ன படலமும் ஒவ்வொரு முறையும் கிழிந்து புதிதாக வளரும். 2007 டிசம்பரில் ஸ்டான்ஃபோர்டில் யீ சுய் குழு சிலிக்கானை முடியை விட மெல்லிய நானோ இழைகளாக வளர்த்தால் உப்பினாலும் உடையாது என்று காட்டியது. அழகான ஆய்வு, இன்றும் மதிக்கிறேன். "பத்து மடங்கு மின்சாரம் தாங்கும் பேட்டரி" என்று உலகம் முழுக்கத் தலைப்பு வந்தது.

இப்போது எடையைக் கணக்குப் போடுவோம். ஒரு ஆம்பியர்-மணி சேமிக்க, பிளஸ் பக்கம் கோபால்ட் ஆக்சைடு சுமார் 5.6 கிராம் வேண்டும். மைனஸ் பக்கம் கிராஃபைட் சுமார் 2.7 கிராம். மொத்தம் 8.3. கிராஃபைட்டுக்குப் பதில் பத்து மடங்கு திறனுள்ள சிலிக்கான் வைத்தால் மைனஸ் பக்கம் 0.27 கிராமாகும். பிளஸ் பக்கம் அப்படியே 5.6. மொத்தம் 5.9. ஆக, பத்து மடங்கு என்று தொடங்கியது 1.4 மடங்கில் வந்து நின்றது. அதோடு முடியவில்லை. உள்ளே இருக்கும் செம்புத் தகடு, அலுமினியத் தகடு, நடுவில் வைக்கும் பிரிப்பான், எலெக்ட்ரோலைட், மேலுறை எதன் எடையும் குறைவதில்லை. சிலிக்கான் செல்லின் மின்னழுத்தம் வேறு கொஞ்சம் குறைவு. உப்புவதற்கு இடமும் விட வேண்டும். கடைசியில் நிற்பது பத்து, இருபது, முயன்றால் முப்பது சதவீதம். ஒரு பக்கத்தின் எண்ணை வைத்து முழு பேட்டரியின் எண்ணைச் சொல்வதுதான் பேட்டரிச் செய்திகளில் அடிக்கடி நடக்கும் தவறு. நாற்காலியின் ஒரு காலை மட்டும் நீளமாக்கினால் நாற்காலி உயராது.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். தலைப்புச் செய்தி மணியோசை என்றால், அந்த யானை வராமலே போய்விடவில்லை. மணியோசைக்கும் யானைக்கும் நடுவே பதினைந்து வருடம் இருந்தது, அவ்வளவுதான். 2023-இல் ஹானர் நிறுவனம் மேஜிக் 5 புரோ போனை சிலிக்கான் கலந்த கார்பன் பேட்டரியோடு சீனாவில் விற்றது. அதே போனின் வெளிநாட்டுப் பதிப்பில் 5,100 மில்லி ஆம்பியர்-மணி, சீனப் பதிப்பில் 5,450. ஏழு சதவீதம். யாரும் இதைப் புரட்சி என்று கொண்டாடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சிலிக்கானின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள், மற்ற நிறுவனங்களும் சேர்ந்துகொண்டன. 2025-இல் 7,000 மில்லி ஆம்பியர்-மணியைத் தாண்டிய பேட்டரிகள், வழக்கமான தடிமனுள்ள போன்களிலேயே வந்துவிட்டன. ஐந்து வருடத்துக்கு முன்னால் 5,000 இருந்தாலே பெரிய பேட்டரி என்பார்கள். நீங்கள் காத்திருந்த பேட்டரி வந்துவிட்டது, அறிவிப்பு இல்லாமல் வந்ததால் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரான கதையும் ஒன்று உண்டு, எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும். 1997-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அக்ஷய பாதி, நஞ்சுண்டசாமி, குட்எனஃப் ஆகியோர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கொள்ளளவு கோபால்ட் செல்லை விடக் குறைவு. மின்னழுத்தமும் குறைவு, சுமார் 3.2 வோல்ட். மின்சாரத்தை நன்றாகக் கடத்தக்கூட மாட்டேன் என்றது. தலைப்புச் செய்தி ஆவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் இரும்பும் பாஸ்பேட்டும் எங்கும் கிடைப்பவை, கோபால்ட் அப்படி இல்லை. ஆக்சிஜன் அதில் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருப்பதால் எளிதில் தீப்பற்றாது. ஆயிரக்கணக்கான சுழற்சிகள் தாங்கும். துகள்களைப் பொடியாக்கி மேலே கார்பன் பூசினால் கடத்தும் பிரச்சினையும் தீர்ந்தது. இன்று உலகில் மின்கார்களுக்குச் செய்யப்படும் பேட்டரிகளில் கிட்டத்தட்ட பாதி இந்த வகைதான். எதிலும் முதல் மதிப்பெண் வாங்காமல், எல்லாப் பாடத்திலும் தேறியது.

"ஐந்து நிமிட சார்ஜ்" பற்றிக் கேட்டிருந்தீர்கள். 5,000 மில்லி ஆம்பியர்-மணி போன் பேட்டரியில் இருப்பது ஏறக்குறைய 19 வாட்-மணி. அதை ஐந்து நிமிடத்தில் நிரப்ப 230 வாட் வேண்டும். அதில் வெறும் 5 சதவீதம் வெப்பமாகப் போனாலும் 11 வாட்டுக்கு மேல், அதுவும் ஒரு மெல்லிய பெட்டிக்குள். இன்னொரு ஆபத்து, அயனிகள் வரும் வேகத்துக்குக் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் நுழைய முடியாவிட்டால் அவை வெளியிலேயே உலோகமாகப் படிந்துவிடும். குளிரில் இது இன்னும் மோசம். அப்படிப் படிந்தது ஊசி போல வளர்ந்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டால் உள்ளேயே ஷார்ட் ஆகும். இதையெல்லாம் சமாளித்து 2023-இலேயே 240 வாட் சார்ஜரோடு ரியல்மி ஜிடி 3 வந்துவிட்டது, பத்து நிமிடத்துக்குள் நிரம்பும். எப்படி? பேட்டரியை இரண்டு செல்களாகப் பிரிப்பது, மின்முனைகளை, அதாவது பிளஸ், மைனஸ் பக்கங்களை, மெல்லியதாக்குவது, மின்சாரம் நுழையும் வாய்களைக் கூட்டுவது. ஒவ்வொன்றும் கொஞ்சம் இடத்தைத் தின்னும். வேகத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை கொள்ளளவு. பகலில் இரண்டு முறை பத்து நிமிடம் சார்ஜ் போட வசதி உள்ளவருக்கு இது நல்ல பேரம். நாள் முழுக்க வெளியே இருப்பவருக்கு இல்லை.

திட எலெக்ட்ரோலைட் பேட்டரி பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. திரவத்துக்குப் பதில் திடப்பொருள், அதனால் தீப்பிடிக்கும் பயம் குறைவு, மைனஸ் பக்கம் மறுபடியும் லித்தியம் உலோகத்தையே வைக்கலாம் என்பது யோசனை. யோசனை சரியானது. ஆனால் திரவம் எங்கே இடைவெளி இருந்தாலும் ஓடி நிரப்பிவிடும், திடப்பொருள் அப்படிச் செய்யாது. உப்பிச் சுருங்கும்போது இரண்டு பரப்புகளுக்கு நடுவே இடைவெளி விழுந்துவிடுகிறது. டொயோட்டா 2017-இல் 2020களின் தொடக்கத்தில் காரில் கொண்டுவருவதாகச் சொன்னது, 2023-இல் அதை 2027-28 என்றது. உலகின் மிகத் திறமையான தொழிற்சாலைகளை நடத்தும் நிறுவனத்துக்கே இது இவ்வளவு கடினம். வரும் என்றே நம்புகிறேன், முதலில் விலை உயர்ந்த கார்களில்.

பெரிய அளவில் செய்வதன் கஷ்டத்தை நாம் குறைத்து எடைபோடுகிறோம். 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்ததும் முதலில் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெற்றார்கள். புதிய வேதியியல் எதுவும் அதில் இல்லை, கால் நூற்றாண்டு பழகிய அதே லித்தியம் அயனிதான். ஒரு செல்லின் மூலையில் மின்முனை லேசாக வளைந்திருந்தது. மாற்றாகக் கொடுத்த செல்லில் வெல்டிங் செய்த இடத்தின் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. ஆய்வகத்தில் பத்து செல்லில் எட்டு நன்றாக ஓடினால் கட்டுரை எழுதலாம். தொழிற்சாலையில் பத்து லட்சத்தில் ஒன்று கெட்டாலும் அது ஒருவருடைய சட்டைப்பையில் எரியும்.

அதனால் ஒரு பேட்டரிச் செய்தியைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது சுழற்சி எண்ணிக்கையை. அது இல்லாத செய்தியை மேலே படிப்பதில்லை. அடுத்தது, சோதித்தது எவ்வளவு பெரிய செல்லை என்று பார்ப்பேன். பொத்தான் அளவா, போனில் வைக்கும் பை போன்ற செல்லா? பிறகு, சொல்லும் மடங்கு ஒரு பக்கத்துக்கா, முழு செல்லுக்கா? கிலோவுக்கு என்று எடையில் மட்டும் சொல்லி, லிட்டருக்கு என்று கன அளவில் சொல்லாமல் விட்டால், போனுக்கு அது உதவாமல் போகலாம். போனில் பஞ்சம் இடத்துக்குத்தான், எடைக்கு இல்லை. யார் சொல்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். முதலீடு திரட்டும் நேரத்தில் வரும் அறிவிப்புக்கும், ஒரு கார் நிறுவனம் செல்லின் மாதிரியை வாங்கிச் சொந்தமாகச் சோதித்தேன் என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இனி உங்கள் போன். பேட்டரியை வயதாக்குவதில் பயன்பாட்டுக்கு மட்டுமல்ல, வெப்பத்துக்கும் முழு சார்ஜிலேயே வைத்திருப்பதற்கும் பெரிய பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நூறு சதவீதத்தில் இருக்கும்போது பிளஸ் பக்கத்தின் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும், எலெக்ட்ரோலைட் அங்கே ஓயாமல் சிதையும். வெப்பம் அந்தச் சிதைவை வேகமாக்கும். பரவலாகப் பயன்படுத்தும் ஒரு அட்டவணைப்படி, பயன்படுத்தாமல் சும்மா வைத்த லித்தியம் அயனி செல்லே, 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜில் இருந்தால் ஒரு வருடத்துக்குப் பிறகு 96 சதவீதக் கொள்ளளவோடு இருக்கும். 40 டிகிரியில் நூறு சதவீத சார்ஜில் இருந்தால் 65 சதவீதத்துக்கு வந்துவிடும். என்னுடைய பழைய லேப்டாப் ஒன்றை மூன்று வருடம் எப்போதும் மின்சாரத்தில் செருகியே வைத்திருந்தேன். பேட்டரியில் ஓட்டியதே அபூர்வம், அதனால் புதிது போல இருக்கும் என்று நினைத்தேன். ஒருநாள் டச்பேட் அழுத்த முடியாமல் மேலே எழும்பியிருந்தது. திறந்து பார்த்தால் செல் தலையணை போல உப்பியிருந்தது. இத்தனைக்கும் அந்த லேப்டாப்பில் சார்ஜ் வரம்பு வைக்கும் வசதி இருந்தது, நான்தான் போடவில்லை.

எனவே அமைப்புகளில் 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். பயண நாளில் மட்டும் நூறுக்கு ஏற்றிக்கொள்ளலாம். சார்ஜில் போட்டபடி கேம் விளையாடாதீர்கள், தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள், வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிடாதீர்கள். வாங்கியதும் எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும், மாதம் ஒருமுறை முழுக்கக் காலியாக்க வேண்டும் என்பதெல்லாம் பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்து அறிவுரை. லித்தியம் செல்லை அடிக்கடி காலியாக்குவது கெடுதல்தான். பேட்டரி உப்பியிருப்பது தெரிந்தால் அதோடு சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், அழுத்தவோ குத்தவோ வேண்டாம், மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அடுத்த போன் வாங்கும்போது மில்லி ஆம்பியர்-மணியோடு இன்னொரு எண்ணையும் கேளுங்கள், 80 சதவீதத்துக்கு இறங்க எத்தனை சுழற்சி என்று. ஆப்பிள் ஐபோன் 14 வரை 500 என்று சொல்லிவந்தது, 2024-இல் ஐபோன் 15-க்கு 1,000 என்று மாற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்கள் 800 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி, அந்த எண் பெட்டியின் முத்திரைச் சீட்டிலேயே இருக்கும். வேறு எங்கே வாங்கினாலும் அதே மாடலின் ஐரோப்பியச் சீட்டைத் தேடிப் பார்த்தால் உங்களுக்கும் அது பயன்படும்.

காத்திருக்கலாமா என்றால், வேண்டாம். புதுப் போனும் உடனே வேண்டாம். உங்கள் போனின் பேட்டரி நிலை என்ன சதவீதம் என்று அமைப்புகளில் பாருங்கள். 80-க்குக் கீழே இருந்து, போனின் மற்ற எல்லாம் சரியாக இருந்தால், பேட்டரியை மட்டும் தரமான இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். இன்று கிடைக்கும் எந்த ஆய்வகக் கண்டுபிடிப்பையும் விட அந்த ஒரு வேலை உங்கள் மாலை நேரத்தைக் கூடுதலாக நீட்டிக்கும். மாற்றிக்கொண்டு வந்த அன்றைக்கே அந்த 80 சதவீத வரம்பையும் போட்டுவிடுங்கள்.